மரக்கால் யார் கையில்? விலைவாசியோடு ஏறும் அரசுப் பத்திரங்களின் வரலாறு

2013 டிசம்பர் 23 அன்று ஒன்றிய அரசின் சார்பில் ரிசர்வ் வங்கி ஒரு சேமிப்புப் பத்திரத்தை விற்பனைக்கு விட்டது. குறைந்தது 5,000 ரூபாய் போட வேண்டும். பத்தாண்டுக் காலம். நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவையும், அதற்கு மேல் ஆண்டுக்கு 1.5 சதவீதத்தையும் சேர்த்து அரசு திருப்பித் தரும். விலைவாசி எவ்வளவு ஏறினாலும் போட்ட பணத்தின் மதிப்பு கரையாது என்பதற்கு அரசே பொறுப்பு.

அதே ஆண்டில், அதே அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள 60 முதல் 79 வயது வரையிலான முதியவர்களுக்கு மாதம் 200 ரூபாய் ஓய்வூதியம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த 200 ரூபாய் 2006இல் நிர்ணயித்தது. அதற்கு எந்தக் குறியீட்டு எண்ணும் கிடையாது.

பணவீக்கக் குறியீட்டுப் பத்திரம் என்றால் பொருளாதாரப் பத்திரிகைகளில் பட்டு வேட்டிக்காரர்கள் படிக்கிற விஷயம் என்று நம்மில் பலர் கடந்து போய்விடுகிறோம். நானும் சமூகவியல் படித்தவள்தான், நிதித்துறை படித்தவள் அல்ல. ஆனால் இதன் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, இது நிதிக் கணக்கின் வரலாறாகத் தெரியவில்லை. விலை ஏறும்போது யாருக்குக் கொடுத்த வாக்கை அரசு காப்பாற்றுகிறது, யாருக்குக் கொடுத்ததை மெல்லக் கைவிடுகிறது என்பதன் வரலாறாகவே தெரிகிறது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடலாம். அரசு இன்று 100 ரூபாய் கடன் வாங்குகிறது. பத்தாண்டு கழித்து 100 ரூபாயைத் திருப்பித் தருகிறது. இடையில் விலைவாசி இரு மடங்கானால், தாளில் 100 ரூபாய் வந்தாலும் உண்மையில் பாதிதான் வந்திருக்கிறது. மீதிப் பாதியை அரசு யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டது. நோட்டு அடிக்கும் அதிகாரமும் கடன் வாங்கும் தேவையும் ஒரே இடத்தில் இருந்தால் இந்த ஆசை வராமல் இருக்காது. மத்திய வங்கியை அரசிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்று பேசுவதெல்லாம் இதைத் தடுக்கத்தான். குறியீட்டுப் பத்திரம் இதற்கு இன்னொரு பூட்டு. விலை ஏறினால் கடனும் ஏறும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், விலையை ஏற்றிக் கடனைக் கரைக்க அரசுக்கு வழியில்லை.

இந்தப் பூட்டை முதலில் போட்டவர்கள் வங்கிக்காரர்கள் அல்ல. அமெரிக்க விடுதலைப் போரின்போது மாசசூசெட்ஸ் மாநிலம் தன் படைவீரர்களுக்காகப் போட்டது. போர்ச் செலவுக்காக அச்சடித்த காகிதப் பணம் கண்முன்னே மதிப்பிழந்துகொண்டிருந்தது. அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கிய வீரன் ஊரிலிருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு எதை அனுப்புவான்? படைக்குள் கோபம் புகைந்தது. துப்பாக்கி வைத்திருப்பவனின் கோபத்தை எந்த அரசும் அலட்சியம் செய்யாது. எனவே 1780இல் அந்த மாநிலம் வீரர்களுக்குச் சம்பளப் பாக்கிக்கு ஈடாகக் கடன் சீட்டு கொடுத்தது. அசலும் வட்டியும் பணத்தில்தான் தரப்படும். ஆனால் எவ்வளவு பணம் என்பதை நான்கு பொருள்களின் விலை தீர்மானிக்கும்: 5 புஷல் மக்காச்சோளம், 68 பவுண்டுக்குச் சற்று மேல் மாட்டிறைச்சி, 10 பவுண்டு ஆட்டு ரோமம், 16 பவுண்டு செருப்பு அடித்தோல். இந்த நான்கையும் வாங்க அப்போது 130 பவுண்டு பணம் தேவைப்பட்டது. 1777இல் அந்த மாநிலச் சட்டம் நிர்ணயித்த விலையைப்போல் முப்பத்திரண்டரை மடங்கு என்று சீட்டிலேயே எழுதியிருந்தார்கள்.

மாட்டுக்கறியும் செருப்புத் தோலும்! ஒரு நாட்டின் பணம் நம்பத்தக்கதல்ல என்றானபோது, அதற்கு அளவுகோலாக நின்றவை இவை. நம் நாட்டில் இந்த இரண்டையும் தொட்ட கைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சீட்டுகளுக்கு அப்புறம் என்ன ஆனது என்பதுதான் முக்கியம். பசித்த வீடு பல ஆண்டு காத்திருக்காது. பல வீரர்கள் தங்கள் சம்பளச் சீட்டுகளைக் கிடைத்த விலைக்கு வணிகர்களிடம் விற்றுவிட்டார்கள். போர் முடிந்ததும் மாநிலம் தன் கடனை ஒழுங்காக அடைக்க முடிவெடுத்தது. அதற்காக விவசாயிகள் மீது கடும் வரி போட்டது, அதையும் உலோக நாணயத்தில் கட்டச் சொன்னது. சீட்டை விற்ற வீரனே, அதே சீட்டை வாங்கிய வணிகனுக்குக் கொடுப்பதற்காக வரி கட்ட வேண்டியதாயிற்று. கட்ட முடியாதவர்கள் நிலத்தை இழந்தார்கள், கடனுக்காகச் சிறைக்குப் போனார்கள். 1786இல் மேற்கு மாசசூசெட்ஸ் விவசாயிகள் நீதிமன்றங்களை முற்றுகையிட்டு மூடினார்கள். அந்தக் கிளர்ச்சிக்குப் பெயர் தந்த டேனியல் ஷேஸ், விடுதலைப் படையில் கேப்டனாக இருந்தவர். கிளர்ச்சியை ஒடுக்கப் போன படைக்குப் பாஸ்டன் வணிகர்கள் பணம் கொடுத்தார்கள்.

ஆக, வாக்குறுதி எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டிருந்தாலும், அது முதிரும்வரை அதைக் கையில் வைத்திருக்க வசதி வேண்டும். பொருளியல் பாடநூல்கள் 1780ஐக் கொண்டாடும்போது 1786ஐச் சொல்வதில்லை.

பொருளை வைத்துப் பணத்தை அளப்பது நமக்கும் புதிதல்ல. தஞ்சைப் பண்ணைகளில் நம் முன்னோர் கூலியை நெல்லாக வாங்கினார்கள். நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் படி படிதான். அந்த வகையில் அது பணவீக்கத்துக்கு எதிரான காப்பு. ஆனால் மரக்கால் மிராசுதார் கையில் இருந்தது. வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது ஒரு மரக்கால் என்று டெல்டாவின் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். நெற்கூலி அடிமைத்தனத்தோடு ஒட்டிப் பிறந்தது என்பதால் காசுக் கூலி கேட்டவர்களும் உண்டு, காசு கரைந்துபோகும் என்பதால் நெல்லே கேட்டவர்களும் உண்டு. கீழ்வெண்மணியில் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். 1968 டிசம்பர் 25 அன்று அதற்குக் கிடைத்த பதில் 44 உயிர்கள். அதன் பிறகு, கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து, 1969இல்தான் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. குறியீட்டு எண் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரக்கால்தான் நினைவுக்கு வரும். அளவு சரியா என்பதோடு, அதைப் பிடித்திருப்பது யார் கை என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசப் லோவும், பின்னர் 1875இல் ஸ்டான்லி ஜெவன்சும், பல பொருள்களின் சராசரி விலையை வைத்து நீண்டகாலக் கடன்களைத் திருத்தலாம் என்று எழுதினார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷரின் தூண்டுதலால் 1925இல் ராண்ட் கார்டெக்ஸ் என்ற நிறுவனம் அப்படி ஒரு பத்திரம் வெளியிட்டது. பெரிதாக யாரும் பின்தொடரவில்லை. மத்திய வங்கிகளுக்கு இந்த யோசனை நெடுநாள் பிடிக்கவும் இல்லை. குறியீட்டை ஒருமுறை அனுமதித்தால் கூலி, வாடகை, கடன் எல்லாம் விலையோடு கட்டிக்கொள்ளும், பிறகு பணவீக்கத்தை அடக்கவே முடியாது என்பது அவர்கள் வாதம். 1923இல் பணம் குப்பையானதைப் பார்த்த ஜெர்மனியில், 1948 நாணயச் சட்டம் இத்தகைய ஒப்பந்தங்களை மத்திய வங்கியின் அனுமதியில்லாமல் செய்யக் கூடாதென்று தடுத்தது. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தடை யாருக்கு முதலில் தளர்ந்தது என்று பாருங்கள்.

பிரேசிலில் 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில மாதங்களிலேயே விலைவாசியோடு மதிப்பு திருத்தப்படும் அரசுக் கடன் பத்திரங்களைக் கொண்டுவந்தது. பணம் படைத்தவர்கள் மீண்டும் அரசுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கினார்கள். அதே ஆட்சி கூலிக்கும் ஒரு சூத்திரம் வைத்தது. அந்தச் சூத்திரம் நடந்து முடிந்த விலையேற்றத்தை முழுதாகக் கணக்கில் எடுக்கவில்லை. இனி வரப்போகும் பணவீக்கம் இவ்வளவுதான் என்று அரசே ஒரு மதிப்பீட்டைச் சொல்லும், அந்த மதிப்பீடு எப்போதும் குறைவாகவே இருக்கும். பத்திரத்துக்கு நடந்த விலை, கூலிக்கு அரசு ஆசைப்பட்ட விலை. குறைந்தபட்சக் கூலியின் உண்மை மதிப்பு சரிந்தது. சங்கங்களை ஒடுக்கியிருந்ததால் கேட்கவும் ஆளில்லை. 1973ஆம் ஆண்டின் பணவீக்கக் கணக்கே குறைத்துக் காட்டப்பட்டது என்பது பிறகு வெளியில் வந்தது. 1977இல் உலோகத் தொழிலாளர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். எங்களிடமிருந்து எடுத்த 34.1 சதவீதத்தைத் திருப்பிக் கொடு என்பதுதான் கோரிக்கை. 1978 மே மாதம் சாவோ பெர்னார்டோ நகரின் ஸ்கேனியா ஆலையில் எந்திரங்கள் நின்றன. சர்வாதிகாரத்தை உலுக்கிய வேலைநிறுத்த அலை அங்கேதான் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் தலைவர் லூலா. ஒரு குறியீட்டு எண்ணின் தசமப் புள்ளிக்காகத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த வரலாறு இது. நம் சங்கங்கள் இதைப் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மத்திய வங்கிகள் மனம் மாறியது பிரிட்டனில். 1975இல் அங்கே பணவீக்கம் 27 சதவீதத்தை நெருங்கியது. அந்த ஆண்டு ஓய்வுபெற்ற முதியவர்களுக்காக ஒரு குறியீட்டுச் சேமிப்புச் சான்றிதழ் வந்தது. பாட்டிப் பத்திரம் என்றே மக்கள் அதை அழைத்தார்கள். பெரிய அளவில் வந்தது 1981 மார்ச்சில், தாட்சர் ஆட்சியில். முதலில் ஓய்வூதிய நிதியங்கள் மட்டுமே வாங்கலாம் என்றார்கள், அடுத்த ஆண்டே எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பணவீக்கத்தை அடக்கியே தீருவோம் என்று சொல்லும் அரசு அதைத் தானே நம்புகிறது என்பதற்கு இது சாட்சி. விலை ஏறினால் முதலில் அடிபடுவது கருவூலம்தானே.

இங்கிலாந்து வங்கிக்கு இதில் இன்னொரு பயன் கிடைத்தது. ஒரே காலத்துக்கான இரண்டு பத்திரங்களை எடுத்துக்கொள்வோம். சாதாரணப் பத்திரம் 7 சதவீத வட்டி தருகிறது, குறியீட்டுப் பத்திரம் விலையேற்றத்துக்கு மேல் 3 சதவீதம் தருகிறது என்றால், சந்தை எதிர்பார்க்கும் பணவீக்கம் ஏறத்தாழ 4 சதவீதம். 1992இல் பணவீக்க இலக்கை அறிவித்த பிறகு, தன் பேச்சை மக்கள் நம்புகிறார்களா என்று பார்க்க மத்திய வங்கி இந்த வித்தியாசத்தைத் தினமும் பார்த்தது. அமெரிக்கா 1997 ஜனவரியில் இதே வழிக்கு வந்தது. இன்று வட்டி விகிதம் பற்றிய பேச்சு எதுவும் இந்த அளவீடு இல்லாமல் நடப்பதில்லை. இது நல்ல வெப்பமானிதான், மறுக்கவில்லை. ஆனால் யாருடைய உடம்பில் வைத்த வெப்பமானி? பத்திரம் வாங்கி விற்பவர்களின் எதிர்பார்ப்பைத்தான் அது சொல்கிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்பவளின் எதிர்பார்ப்பு அதில் பதிவாகாது.

2010இல் பிரிட்டன் அரசு ஒரு காரியம் செய்தது. உதவித்தொகைகளையும் பொதுத்துறை ஓய்வூதியங்களையும் அடுத்த ஏப்ரலிலிருந்து சில்லறை விலைக் குறியீட்டுக்குப் பதிலாக நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைத்தது. இரண்டாவது பெரும்பாலும் முதலாவதைவிட மெதுவாக ஏறும். ஆனால் கடன் பத்திரங்களுக்குப் பழைய குறியீடே தொடர்ந்தது, ஏனென்றால் அது ஒப்பந்தம். 2022 அக்டோபரில் சில்லறை விலைக் குறியீடு 14.2 சதவீதம், நுகர்வோர் விலைக் குறியீடு 11.1 சதவீதம். ஒரே நாடு, ஒரே மாதம், ஒரே கருவூலம். பத்திரம் வைத்திருப்பவருக்கு ஒரு மரக்கால், மாற்றுத்திறனாளிக்கு இன்னொரு மரக்கால்.

நம் நாட்டுக்கு வருமுன் பாபாசாகேபிடம் போக வேண்டும். ரிசர்வ் வங்கியை உருவாக்கியதே அண்ணல்தான் என்று ஏப்ரல் 14 பதாகைகளில் எழுதுகிறோம். வரலாறு இதைவிடச் சுவையானது. 1923இல் அவர் வெளியிட்ட ‘ரூபாயின் பிரச்சினை’ லண்டன் பொருளியல் பள்ளியில் அவருக்கு முனைவர் பட்டம் பெற்றுத் தந்த ஆய்வு. 1925இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். மத்திய வங்கி வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது, 1934இல் சட்டம் வந்தது, 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி தொடங்கியது. ஆனால் அண்ணல் அன்று வாதிட்டதன் மையம் வேறு. ரூபாயை எவ்வளவு வேண்டுமானாலும் வெளியிடும் விருப்புரிமை ஆள்பவர்கள் கையில் இருக்கக் கூடாது என்றார். கீன்ஸ் பாராட்டிய தங்கப் பரிமாற்ற முறையை அவர் எதிர்த்ததே இதனால்தான். அந்நியச் செலாவணி விகிதம் நிலையாக இருந்தால் போதாது, உள்நாட்டில் ரூபாய் எவ்வளவு வாங்குகிறது என்பது நிலையாக இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ரூபாயின் மதிப்பு இறங்கினால் நாட்டுக்கு லாபம் என்று வணிகர்கள் சொன்னபோது, அது நாட்டின் லாபமல்ல, விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறாததால் தொழிலாளியிடமிருந்து முதலாளிக்குப் போகும் லாபம் என்று காட்டினார்.

குறியீட்டுப் பத்திரமும் அரசின் கையைக் கட்டுகிறது, அண்ணல் கேட்ட விதியும் அரசின் கையைக் கட்டுகிறது. ஆனால் பத்திரம் காப்பாற்றுவது அரசுக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு மிச்சம் பிடிக்க முடிந்தவரை மட்டும். அவர் காப்பாற்ற நினைத்தது ரூபாயையே, அதாவது முந்தானையில் முடிந்து வைத்த கூலிக்காசையும் சேர்த்து. தங்கத்தோடு கட்டும் அவர் வழி இன்று உதவாது என்றே நினைக்கிறேன். 1930களின் மந்தம் அதன் கொடுமையை உலகத்துக்குக் காட்டிவிட்டது. அவர் எழுப்பிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்திய அரசு முதலில் 1997 டிசம்பரில் மூலதனக் குறியீட்டுப் பத்திரம் என்ற ஒன்றை ஐந்தாண்டுக்கு வெளியிட்டது. அசலுக்கு மட்டும் காப்பு, வட்டிக்கு இல்லை. சந்தை கண்டுகொள்ளவில்லை. பிறகு 2013இல் மீண்டும் வந்தது. அப்போது நடுத்தரக் குடும்பங்கள் விலைவாசிக்குப் பயந்து தங்கம் வாங்கிக் குவித்தன, தங்க இறக்குமதியால் அந்நியச் செலாவணி கரைந்தது. எனவே ப. சிதம்பரம் அந்த ஆண்டு பட்ஜெட்டில் இதை அறிவித்தார். ஆக, கூலிக்காரர்களுக்காக அல்ல, தங்கம் வாங்குபவர்களைத் திருப்புவதற்காக. ஜூன் 4 அன்று நடந்த முதல் ஏலத்தில் 1,000 கோடி ரூபாய்க்கு விற்றது. விலையேற்றத்துக்கு மேல் 1.44 சதவீதம்.

எந்த விலையேற்றம்? மொத்த விலைக் குறியீடு. ஆலை வாசலிலும் மண்டியிலும் உள்ள விலை அது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், பேருந்துக் கட்டணம், மருத்துவச் செலவு எதுவும் அதில் கிடையாது. அந்த ஜூன் மாதம் மொத்த விலைப் பணவீக்கம் 5 சதவீதத்துக்குக் கீழே, நுகர்வோர் விலைப் பணவீக்கம் 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2014 நவம்பரிலிருந்து 2016 மார்ச் வரை மொத்த விலைப் பணவீக்கம் பூஜ்யத்துக்குக் கீழேயே கிடந்தது. கடைவீதியில் விலை ஏறிக்கொண்டிருக்க, பத்திரத்தின் திருத்திய அசல் சுருங்கியது. பத்திரம் வாங்கிய வங்கிகள்கூட அந்த மரக்காலின் சூட்டை உணர்ந்தன. டிசம்பரில் வந்த, நான் முதலில் சொன்ன சிறுசேமிப்புப் பத்திரம் நுகர்வோர் குறியீட்டைப் பயன்படுத்தியது. ஆனால் பத்தாண்டு பணத்தை முடக்க வேண்டும், விலையேற்றத்துக்காகச் சேரும் தொகைக்கும் வரி கட்ட வேண்டும். வாங்க ஆளில்லாமல் 2014இல் விற்பனை முடிந்தது.

இதனால் இந்திய மத்திய வங்கிக்கு அந்த வெப்பமானி ஒழுங்காகக் கிடைக்கவே இல்லை. 2016இல் சட்டம் திருத்தி 4 சதவீதம், இரண்டு கூட்டல் அல்லது கழித்தல் என்று இலக்கு வைத்தார்கள். மக்களின் எதிர்பார்ப்பை அறிய ரிசர்வ் வங்கி குடும்பங்களிடம் கணக்கெடுப்பு நடத்துகிறது. நெடுங்காலம் அது பெரிய நகரங்களில் மட்டுமே நடந்தது. நகரத்தவர்கள் சொல்லும் எண்ணே அரசுப் புள்ளிவிவரத்தைவிட எப்போதும் அதிகமாக இருக்கிறது. கிராமத்துச் சேரியில் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்?

சேரிக்கும் ஒரு குறியீடு உண்டு, விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீடு. சிம்லாவிலுள்ள தொழிலாளர் பணியகம் வெளியிடுவது. 2009இல் நூறு நாள் வேலையின் கூலியைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து பிரித்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2011இலிருந்து இந்தக் குறியீட்டோடு இணைத்தார்கள். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்தக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 1986-87. அதில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பது 1983இல் எடுத்த செலவுக் கணக்கு. ஏறத்தாழ 69 சதவீதம் உணவுக்கு. 1983இல் செல்போன் ரீசார்ஜ் கிடையாது, ஆங்கிலப் பள்ளிக் கட்டணம் கிடையாது, தனியார் மருத்துவமனைச் செலவு இந்த அளவுக்குக் கிடையாது. உணவு விலை மெதுவாக ஏறி மற்றதெல்லாம் வேகமாக ஏறிய ஆண்டுகளில் இந்தக் குறியீடு தூங்கியது. பீகாரில் 2016-17இல் நாள் கூலி 167 ரூபாய், மறு ஆண்டு 168, அதற்கடுத்த ஆண்டும் 168. ஓராண்டு உழைப்புக்கு விலைவாசித் திருத்தம் ஒரு ரூபாய்! கிராமத் தொழிலாளர் குறியீட்டுக்கு மாற்றுங்கள் என்று அரசு அமைத்த குழுக்களே சொல்லியும் நடக்கவில்லை. 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை 2025இல்தான் வந்தது. அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தும் நாட்டில் நடப்பது இது.

அந்தப் பழைய குறியீட்டையே வைத்து முதியோர் ஓய்வூதியத்தைப் பார்ப்போம். 1995இல் திட்டம் தொடங்கியபோது மாதம் 75 ரூபாய். 2006இல் 200. அதன் பிறகு 80 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் 500 ஆனது. 1995க்கும் 2025க்கும் இடையில் விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீடு ஐந்து மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. 75இலிருந்து 200 என்பது மூன்று மடங்குகூட இல்லை. அதாவது ஒன்றிய அரசின் இன்றைய 200 ரூபாய், 1995இன் 75 ரூபாய் வாங்கியதைவிடக் குறைவாகவே வாங்குகிறது. ஒருமுறை ஏற்றியும் இறங்கித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 முதல் 1,200 ரூபாய் கிடைக்கிறது என்றால், மிச்சத்தை மாநிலம் போடுகிறது. இதற்கு நேரெதிரே, 2013 டிசம்பரில் 5,000 ரூபாய் போட்டுப் பத்தாண்டு காத்திருந்தவருக்கு, என் கணக்கில், வரிக்கு முன் ஏறக்குறைய இரு மடங்கு வந்திருக்கும்.

பத்திரத்துக்குக் கொடுத்தால் ஒப்பந்தம், முதியவளுக்குக் கொடுத்தால் திட்டம். ஒப்பந்தத்தை மீறினால் மறுநாள் கடன் கிடைக்காது. திட்டத்தைக் கரையவிட்டால் எந்தத் தர நிறுவனமும் அரசின் மதிப்பெண்ணைக் குறைக்காது. இந்தப் பத்திரங்களை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரசின் கை கட்டப்படுவது நல்லது. சின்னத் தொகைக்கு, வரியில்லாமல், அவசரத்துக்கு எடுக்கும்படி அஞ்சலகத்தில் கிடைத்தால் நம் மகளிர் குழுக்களே வாங்கும். ஆனால் குறியீடு என்ற கருவி கையில் இருக்கும்போதே, அதை எங்கே பொருத்தக் கூடாது என்று அரசு தேர்ந்தெடுத்திருப்பதைப் பேசியாக வேண்டும்.

பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப வருமான உச்சவரம்பை ஆண்டுக்கு 2.5 லட்சம் என்று வைத்தது 2013இல், பத்திரம் வந்த அதே ஆண்டு. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை திட்டத்தைத் திருத்தியபோது நிதிப் பங்கீட்டை மாற்றினார்கள், உச்சவரம்பைத் தொடவில்லை. இதற்கிடையில் 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த உயர்சாதியினருக்கு இட ஒதுக்கீடு வந்தபோது 8 லட்சம் வரை ஏழை என்றார்கள். தாயும் தகப்பனும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 ரூபாய் கூலியில் ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தால் 2,40,000 ரூபாய். பிள்ளைக்கு உதவித்தொகை உண்டு. மறு ஆண்டு அரிசியும் எண்ணெயும் ஏறியதற்கு ஈடாகக் கூலி 30 ரூபாய் கூடினால் 2,58,000. வீட்டில் சோற்றின் அளவு கூடியிருக்காது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் வருமானச் சான்றிதழில் மட்டும் குடும்பம் வசதியாகியிருக்கும். கல்லூரியில் பிள்ளையின் பெயர் உதவித்தொகைப் பட்டியலிலிருந்து நீங்கியிருக்கும்.